இடது விளக்கு

பிரேக் கதறிய சத்தமும், சரளைக் கற்கள் தகரச் சுவரில் வந்து விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. லொரேன் காபியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். இன்றைக்காவது முழுக் கோப்பையையும் குடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

கல்கூர்லி நெடுஞ்சாலையின் அந்த உணவகத்துக்கு முன்னால் ஒரு கார் கோணலாக நின்றது. அது இழுத்து வந்த கேரவனின் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண். கதவிடுக்கில் ஒரு புதரே செருகிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கிய வெள்ளைத்தலைக்காரர் சாலைப் பக்கம் கையை நீட்டினார். பெயர் நெவில். பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி பெரில்.

"அந்த லாரி எங்களைக் கொல்லப் பாத்துச்சு" என்றார் நெவில்.

அவர் காட்டிய லாரி அப்போதுதான் வளாகத்துக்குள் நுழைந்தது. மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு நிதானமாக வந்து, கோட்டுக்குள் பிசகாமல் நின்றது. அதை யாரும் ஓட்டவில்லை, லாரி தானே ஓடிவந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த டெஸ் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தான்.

லொரேன் போக்குவரத்துத் துறையின் ஆய்வாளர். தானே ஓடும் இந்த லாரியின் சோதனை ஓட்டத்தைக் கண்காணிப்பதும் எட்டு மாதமாக அவள் தலையில்தான் விழுந்திருந்தது. லாரி தானே ஓடலாம், ஆனால் இருக்கையில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. அந்த ஆளும் வேண்டாம் என்கிறது கம்பெனி. திங்கட்கிழமை பெர்த்தில், இதை முடிவு செய்யும் குழுவின் முன்னால் அவள் பதில் சொல்ல வேண்டும். ஆள் இருக்கட்டும் என்பதுதான் அவள் எண்ணம். எண்ணம் மட்டும் போதாது, காரணம் கேட்பார்கள். அந்தக் காரணத்தில்தான் டெஸ்ஸின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"முதல்ல உக்காருங்க. என்ன ஆச்சு?"

"ரொம்ப நேரமா அது பின்னாடியே வந்தேம்மா. வேகத்தைக் கூட்டவே மாட்டேங்குது. அப்புறம் இடது விளக்கைப் போட்டுச்சு, ரெண்டே ரெண்டு சிமிட்டு. சரி, வழி விடுதுன்னு தாண்டப் போனேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் பாத்தா, சுரங்க லாரியோட பெரிய தொட்டியை ஏத்திக்கிட்டு இன்னொரு லாரிக்காரன் எதிர்ல வரான். ரோடு முழுக்க அவன்தான். காட்டுக்குள்ள இறக்கிட்டேன்."

"நான் வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் பெரில் உள்ளிருந்து.

"நீ தூங்கிட்டிருந்தே."

"முழிச்சிருந்தா அதைத்தான் சொல்லியிருப்பேன்."

லொரேனுக்கு விஷயம் உடனே பிடிபட்டது. அந்தச் சாலையில் முன்னால் போகும் லாரி இடது விளக்கைச் சிமிட்டினால், எதிரே யாரும் இல்லை, தாண்டிப் போ என்று பொருள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. சட்டப்படி இடது விளக்கு என்றால், நான் இடப்பக்கம் ஒதுங்குகிறேன், அவ்வளவுதான். இயந்திரம் எதிரே வரும் அகலச் சுமையைப் பார்த்து ஒதுங்கியிருக்கிறது, சட்டம் சொன்னபடி விளக்கைப் போட்டிருக்கிறது. மனிதர் அதைச் சாலைப் பேச்சாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

தேடிய காரணம் தானாக வந்து கையில் விழுந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. முட்டி வலித்தது. ஈக்கள் வேறு முகத்தை மொய்த்தன.

கம்பெனிக்குப் போன் செய்தாள். டிரிஸ்டன் என்ற இளைஞன் எடுத்தான்.

"மேடம், திரையில பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வண்டி வேகத்தைக் குறைச்சிருக்கு, ஓரமா ஒதுங்கியிருக்கு, ரெண்டும் விளக்கு எரிஞ்சதுக்கு அப்புறம்தான். அந்த விளக்கு எங்க சிஸ்டம் போட்டது இல்ல."

"பின்ன கங்காரு வந்து போட்டுச்சா?"

"இல்ல மேடம், நான் என்ன சொல்றேன்னா..."

போனை வைத்தாள். எந்தக் கம்பெனிதான் தன் வண்டிமேல் பழி வந்தால் ஒத்துக்கொள்ளும்?

டெஸ் உள்ளே மூலை மேஜையில் இருந்தான். தட்டில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி கடிபடாமல் ஆறிக்கொண்டிருந்தது. அவன் கல்லும் மண்ணும் ஏற்றி ஓட்டிய காலத்தில் அவனுக்கு இருமுறை அபராதம் போட்டவள் லொரேன். அந்தச் சண்டையில் பிறந்த நட்பு இது.

"அந்தத் தொட்டி வண்டிக்கு முன்னாடி காவலா வந்த எஸ்கார்ட்காரன் ரேடியோவுல கத்தியிருப்பானே டெஸ், அகலமான வண்டி வருதுன்னு."

"கத்தியிருப்பான். ரேடியோவைக் கழட்டச் சொன்னது நீதானே?"

உண்மைதான். உட்கார்ந்திருப்பவரின் கவனம் சிதறக் கூடாது என்று ரேடியோ, புத்தகம், போன் எல்லாவற்றையும் தடுக்கும் விதியை எழுதியவளே அவள்தான். அவன் குற்றமாகச் சொல்லவில்லை; மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"அந்த வேலையில எப்படித்தான் இருக்கே?"

"நான் எங்க வேலை செய்யறேன்? ஜன்னல் வழியா பாக்கறேன். வீட்டுல என் நாய்கூட என்னைவிட அதிகமா வேலை செய்யுது."

லொரேன் எதிரே சரிந்து உட்கார்ந்தாள். "நாய் கதை கிடக்கட்டும். ஆளில்லாம இந்த வண்டி ஓடக் கூடாதுன்னு திங்கக்கிழமை சொல்லிடறேன். ரோட்டுப் பேச்சு அதுக்குத் தெரியல, இன்னிக்கு ரெண்டு உசுரு போகப் பாத்துச்சு. இதுக்கு மேல என்ன காரணம் வேணும்? உன் சீட்டு தப்பிச்சுது, போ."

ஜன்னலுக்கு வெளியே, நெவில் கதவிடுக்கிலிருந்த புதரை இழுத்துக்கொண்டிருந்தார். பெரில் ஒருவழியாக இறங்கி, அவருக்குத் தண்ணீர் நீட்டினாள். டெஸ் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லொரேன், அந்த மெஷின் விளக்கைப் போட்டா, வண்டி ஒதுங்கி முடிக்கிற வரைக்கும் அணைக்காது. ரெண்டு சிமிட்டோட நிறுத்தவே நிறுத்தாது."

லொரேன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ நீயா? எதுக்குடா அதுல கைய வச்சே?"

"மேடு வரைக்கும் காலியாத்தான் தெரிஞ்சுது. அவரும் எவ்வளவு நேரமா பின்னாடியே காத்துக்கிட்டு வந்தார்... இந்த எட்டு மாசத்துல என்னை நம்பி ஒருத்தர் காத்துக்கிட்டிருந்தது இன்னிக்குத்தான்."