பரவைச் சந்தையில் மாட்டிய மேகம்

1976 ஐப்பசியில், ஆரப்பாளையத்தில் இருந்த லூர்துராஜின் ஸ்டூடியோவுக்குத் தன் படத்தைப் பார்க்க ஒரு புயல் வந்தது. வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சற்று நேரம் நின்றது, படத்தை மேலும் கீழும் பார்த்தது, பக்கத்து டீக்கடையின் தகரக் கூரையை எடுத்துக்கொண்டு வைகைப் பக்கம் போய்விட்டது. தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. படம் எடுத்துக்கொண்டவர்கள் அது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வருவது எல்லா ஸ்டூடியோவிலும் உள்ளதுதான். டீக்கடைக்காரர் மட்டும், இந்த மாதிரி ஆட்களின் படத்தை உள்ளே மாட்டினால் என்ன என்று கேட்டார்.

லூர்துராஜ் கல்யாணப் படம் எடுக்கத்தான் கடை திறந்தான். ஆனால் மேற்கே மேகம் கறுத்தால் போதும், கேமராப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அனுப்பானடியில் ஒரு வீட்டு ஆல்பத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் படம் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் சோழவந்தான் வயலில் மின்னல் விழுகிறது. அந்தத் தம்பதி இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறார்கள். உசிலம்பட்டிச் சூறைக்காற்று, நாகமலை இடி, மேலூர் ஆலங்கட்டி என்று அவன் எடுத்ததையெல்லாம் வாரப் பத்திரிகைகள் அட்டையில் போட்டன. ஒரு வானிலை அதிகாரி நேரில் வந்து, நாங்கள் அறிவிக்காத புயலை நீங்கள் எப்படிப் படம் எடுக்கலாம் என்று விளக்கம் கேட்டார். எடுத்த புயலெல்லாம், அதன் படம் எங்கே மாட்டியிருக்கிறதோ அங்கே அடுத்த பருவத்தில் வந்து பார்த்தது. பார்த்ததோடு நில்லாமல் படத்தில் இருந்தபடியே மாறிக்கொண்டும் போனது. ஒரு சூறைக்காற்றை அவன் கைதவறி இடம் வலமாக அச்சிட்டுவிட, மறு வருஷம் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

புயல் பேர் வாங்கிக் கொடுத்ததே தவிர, சோறு போட்டது பென்சில்தான். நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் பென்சிலை மெல்லத் தீட்டினால் அச்சில் முகம் வெளுத்து வரும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் பெண் படம் எதுவும் மதுரையில் பென்சில் படாமல் வெளியே போனதில்லை. லூர்துராஜே அதில் ஒருமுறை வசமாக மாட்டினான். வேலைக்கு வந்த ஏதோ ஒரு நெகட்டிவை நாள் முழுக்கத் தீட்டிக் கொடுத்தான், அந்தப் படம் ஊர் சுற்றித் தரகர் கையில் அவனுக்கே வந்தது. தன் கைவேலை என்று தெரியாமல் பார்த்த மாத்திரத்தில் சரி என்றான். மாதா கோயிலில் முக்காட்டை விலக்கியபோது சகாயமேரி நல்ல கறுப்பாக நின்றாள். பொண்ணை மாத்திட்டாங்க என்று அவன் அம்மா மரியம்மாள் பூசை முடியும்வரை முணுமுணுத்தாள். அவன் தாலியைக் கட்டினான். நல்லவன்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவளை அவன் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பென்சில் வேலையை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டான். ஊரார் முகங்களையெல்லாம் வெளுத்துக் கொடுத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. பரவையில் கிணறுகள் அடி தட்டின. படம் மாட்டினால் மேகம் வரும் என்பது ஊரறிந்த சங்கதியாகிவிட்டதால், பரவைச் சந்தைத் தலைவர் மொக்கையன், ஆள் உயரத்துக்கு ஒரு மழை மேகம் வேண்டும் என்று வந்து நின்றார். இருப்பதிலேயே கறுத்த மேகத்தை லூர்துராஜ் எடுத்துக் காட்டினான். மொக்கையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணே, நாலு பெரிய மனுசங்க வந்து போற எடம். இம்புட்டுக் கறுப்பாவா மாட்டுறது? கொஞ்சம் செவப்பாக் காட்டுங்க."

மழை மேகம் கறுப்பாகத்தானே இருக்கும் என்று சகாயமேரி சொல்லிப் பார்த்தாள். கேட்டு வருபவர் மனம் கோணக்கூடாது என்பது லூர்துராஜின் தொழில் தர்மம். மூன்று நாள் தீட்டினாள். படம் மாலையோடு சந்தையில் ஏறியது. மறு வாரம் மேகம் வந்தது, நாகமலைக்கு மேலே யானைக் கறுப்பில் புறப்பட்டு, சந்தைக்கு நேர் மேலே நின்று படத்தைப் பார்த்தது. பார்க்கப் பார்க்க வெளுத்தது. பஞ்சு மாதிரி ஆகி ஒரு சொட்டு விடாமல் திண்டுக்கல் பக்கம் போய்விட்டது. நல்ல களையாக இருந்ததாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷமும் வெள்ளையாகவே வந்துபோனது. களை பேசியவர்கள் மாடுகளை விற்றார்கள். லூர்துராஜ் பென்சிலைத் துடைத்துக் கறுப்பாகவே அச்சிட்டு மாட்டினான், மேகம் அதைத் தன் படம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆடிக்குள் மழை இல்லையென்றால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று மொக்கையன் ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்து அழுதார். பெரிய மனிதர் அப்படி அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. சகாயமேரி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அதுக்குக் கூச்சம் வந்துருச்சுங்க. நம்ம கொடுத்த கூச்சம்தான். என்னைய முன்னாடி நிப்பாட்டி எடுங்க, அது தன்னால வரும்."

பரவைக்கு மேற்கே வெடித்துக் கிடந்த வயலில் பவுடர் பூசாமல், எண்ணெய் வழிந்த முகத்தோடு அவள் போய் நின்றாள். லூர்துராஜ் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். பெரிய கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாக நின்ற அந்தக் கறுத்த முகத்தை அவன் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதன்முதலாகப் பார்த்தான். அவ்வளவு அழகு இத்தனை நாள் வீட்டுக்குள் இருந்ததை நினைத்துத் துணிக்குள்ளேயே அழுதான். அதற்குள் அடிவானத்தில் எட்டிப் பார்த்த வெள்ளை மேகம், அவள் முகத்தை மறைக்காமல் நிற்பதைக் கண்டு மெல்ல நெருங்கியது. கறுத்துக்கொண்டே வந்து அவள் தோளுக்குப் பின்னால் அணைந்து நின்றது.

அந்தப் படம் பென்சில் படாமல் சந்தையில் ஏறியது, அன்று சாயங்காலமே மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் மொக்கையன் குடையோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். படம் பிரமாதம் என்றார். ஆனால் மேகத்துக்கு முன்னால் ஒரு பொம்பளை நிற்பது சந்தைக்குச் சரியாக இல்லை, அவளை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று லூர்துராஜைப் பார்த்துக் கேட்டார். கேட்டு வருபவர் மனம் கோணக்கூடாது என்றிருந்தவன் முடியாது என்றான். சகாயமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"வெட்டிக்கிருங்கண்ணே. ஆனா அது என் பின்னாடி வந்த மேகம். நான் போனா அதுவும் போயிரும்."

மொக்கையன் குடையை மடக்கிக்கொண்டு நனைந்தபடியே ஊர் திரும்பினார். படம் அப்படியே இருக்கிறது. பரவையில் பெண் படங்களை இன்னும் வெளுத்துத்தான் கேட்கிறார்கள், அதற்கு ஆரப்பாளையத்திலேயே வேறு ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. சகாயமேரி பரவை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடச் சொல்கிறார். ஊருக்குள் வத்தல் காயப்போட்டவர்கள் அள்ளி உள்ளே வைத்துக்கொள்கிறார்கள்.