கோபக்காரி என்றுதான் சொன்னார்

மகளைப் பற்றிக் கேட்டால் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும். கோபக்காரி. எடுத்தெறிந்து பேசுவாள், கதவை அறைந்து சாத்துவாள், அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து டூல் பையை ஒளித்து வைப்பாள். ஒருநாள் ஸ்பானர்களை வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து பொறுக்கி எடுத்தார். மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தபோதும் இதையேதான் ஒப்பித்தார்.

பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு மகளை உள்ளே கூப்பிட்டார்கள். மூடிய கதவு மூடியபடியே இருந்தது. யாராவது அவளை ஏதாவது செய்துவிட்டார்களா? எத்தனை நாளாக? பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து நடந்தார்.

ஒருவழியாக அவரையும் கூப்பிட்டார்கள். மகள் அழுது ஓய்ந்திருந்தாள். சொல்லலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு டாக்டரம்மா பேசினார்.

"ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டேன். நீங்க ஒரு பொண்ணைச் சொல்றீங்க, இவ வேற பொண்ணைச் சொல்றா. கோபம்னு இவ சொல்லவே இல்ல. பயம்னுதான் சொன்னா."

ராத்திரி அவர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தூக்கம் வராமல் கண்ணை இறுக்கிக்கொண்டுதான் படுத்திருந்தாளாம். மதியச் சாப்பாடு பாதி நாள் வாந்தியில் போய்விடுமாம்.

"எதுக்கும்மா பயம்?" என்று அவர் மகளிடம் கேட்டார்.

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "மாமா விழுந்தாருல்ல. அடுத்தது நீங்கதான்னு தோணிக்கிட்டே இருக்கு. இன்னிக்கு ஸ்கூல் ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க. அந்தச் சேதிதான்னு நெனச்சுட்டேன்."

ஆபீஸில் கூப்பிட்டது லைப்ரரி புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்பதற்காக.

மாமா என்றது அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவரை. லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்தார். இவர் மேலே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால் வழுக்கிவிட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னதோடு சரி, அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. சின்னப் பெண், மறந்திருப்பாள் என்று நினைத்தார்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எனக்கென்ன என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"குழிக்குள்ள எட்டிப் பார்த்தா முழங்கால் ஆடுது. யார்கிட்டயும் சொல்லல."

மகள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ? ஆனால் அவள் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச காலத்துக்கு உயரத்து வேலை வேண்டாம், வாரா வாரம் இரண்டு பேரும் வர வேண்டும் என்று முடிவானது.

வெளியே வந்ததும் அவர் கை பழக்கத்தில் லிஃப்ட் பட்டனுக்குப் போனது. மகள் தள்ளியே நின்றாள்.

"நம்ம வீட்டுக்கும் படியேறித்தான் வர்றியா?"

தலையாட்டினாள். அவர்கள் வீடு ஒன்பதாவது மாடி.

இதையும் பார்க்கவில்லை என்றால் இன்னும் எதையெல்லாம் பார்க்காமல் விட்டோம் என்று நினைத்தபடி அவர் பட்டனிலிருந்து கையை எடுத்தார். இரண்டு பேரும் படியிறங்கினார்கள். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அவர் கைப்பிடிக் கம்பியை விடவில்லை.