ஒற்றை ஆள் பிரிவில் ஒரு கதை

1

இந்தக் கதை என் வீட்டுக்குள் ஸ்பீக்கர் வழியாக வந்தது. நான் கூப்பிடவில்லை. அப்போது கடல் அரிப்பைப் பற்றி வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன் (அது உருப்படவில்லை, விடுங்கள்). கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த ஸ்பீக்கர் திடீரென்று வாத்துக் குரலில் பேச ஆரம்பித்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. பேசுவது ஒரு பெண், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

"பக்கத்துத் தெரு டீச்சர்தான். அவங்க மாடியில பெரிய மீன்முள்ளு மாதிரி ஒரு கம்பி நிக்குதே, பாத்ததில்ல?" என்றாள் என் மனைவி பாரதிப்ரியா.

சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். சௌந்தரவல்லி டீச்சர் சண்டைக்கு இடமே கொடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கறுப்பாக வளையம் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, ஸ்பீக்கர் வயரில் மாட்டினார்.

"இனிமே வராது சார். வந்தா சொல்லுங்க, நான் பவரைக் குறைச்சுக்கிறேன். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமப் பேசணும், அது எங்க முறை."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேச்சை மாற்ற, அப்படி எதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"யாராவது இருக்கீங்களான்னு கேக்குறேன்."

கடல் அரிப்பு அன்றோடு போயிற்று.

2

தொடக்கங்கள். எறிய மனமில்லாததால் இங்கேயே கிடக்கட்டும்.

"தலத்தெருவின் மாலைக் காற்றில் அந்த ஆண்டெனா மெல்ல"— (காற்று என்றாலே மெல்ல என்று எழுதும் கையை என்ன செய்வது?)

"ஓய்வுபெற்ற தந்தி அலுவலர் ஒருவர் தன் பழைய வானொலிப் பெட்டியைத் துடைத்து"— (வேண்டாம். டீச்சர் ஆண் இல்லை, ஓய்வு பெறவும் இல்லை. அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறார், ஸ்கூட்டியில் போகிறார், ஹெல்மெட் போடாத மாணவனின் அப்பாவை நடுரோட்டில் நிறுத்தித் திட்டுகிறார். அவருடைய வானொலியும் பழையதில்லை. லேப்டாப்போடு இணைந்தது, பளபளவென்று இருக்கிறது. அந்தத் தந்தி அலுவலர் கதைகளில் தயாராக நிற்பவர். கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவார். கூப்பிடாமல் இருக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.)

"சௌந்தரவல்லி டீச்சர் தோற்பதை வெறுத்தார்." இது நிற்கும். இங்கிருந்து போகலாம்.

[பொழுதுபோக்காக உலகம் முழுக்க வானொலியில் பேசிக்கொள்கிறவர்களில் டீச்சரும் ஒருவர். அரசாங்க உரிமத்தோடு அவருக்கு ஓர் அழைப்புக்குறி உண்டு. வானொலியில் அதுதான் பெயர். அதை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள்.]

3

இந்த வானொலிக்காரர்களுக்குள் வருடாவருடம் ஒரு போட்டி உண்டு. அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு மாலையில் முடியும். அதற்குள் உலகத்தில் எத்தனை நிலையங்களோடு பேச முடியுமோ பேச வேண்டும். அரிய தீவுகளுக்கு மதிப்பெண் அதிகம். ஓர் அலைவரிசையில் உட்காரும் முன் "இங்கே யாராவது இருக்கிறீர்களா" என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னொருவரின் முறையில் குறுக்கே பேசக் கூடாது. நம்மைக் கூப்பிட்டவரைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது.

டீச்சர் சேர்வது ஒற்றை ஆள் பிரிவில். கேட்கும் காது, பேசும் வாய், தட்டச்சு செய்யும் கை மூன்றும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். அறையில் வேறு யாராவது ஓர் எழுத்தை எடுத்துக் கொடுத்தாலும் அந்தப் பிரிவு போயிற்று.

"உங்க ரூமுக்குள்ள யாரு வந்து பாக்கப் போறாங்க? எடுத்துக் குடுத்தா யாருக்குத் தெரியும் டீச்சர்?"

"தெரியாதுதான். அதனாலதான் விளையாட நல்லா இருக்கு."

இன்னொரு வழக்கமும் உண்டு. எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று எண்ணால் சொல்ல வேண்டும். முழுத் தெளிவுக்கு ஐந்து, ஒன்பது. போட்டியில் எல்லாரும் எல்லாருக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள்.

"சரியாக் காதுல விழலைன்னாலுமா?"

"விழலைன்னாலும் ஃபைவ் நைன்தான். உங்க குரல் அருமையாக் கேக்குது, பேரை மட்டும் மறுபடி சொல்லுங்கன்னு கேப்போம்." சொல்லிவிட்டு டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். கதையில் ஒரு நகைச்சுவைக்கு ஆகும் என்று நானும் குறித்துக்கொண்டேன்.

4

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. போட்டியைப் பார்க்க டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க. என்ன கேட்டாலும் ஒரு எழுத்துகூட வாயத் தொறக்கக் கூடாது" என்றார். வகுப்பில் பேசும் அதே குரல். நான் உட்கார்ந்தேன்.

நாட்டிலேயே இரண்டாம் இடம் பல வருடமாக அவருக்குத்தான். அந்த 'இரண்டாம்' அவரை அரித்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் முதலிடம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

வழக்கமாக ஹெட்போன் போடுவாராம். இப்போது ஸ்பீக்கரில் சத்தமாக வைத்திருந்தார். "காது வேர்க்குது" என்றார். (மாசியில், மின்விசிறிக்குக் கீழே.)

அவர் கணவர் தெட்சிணாமூர்த்தி அந்த அறையின் வாசற்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நெடுங்காட்டுப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்பவர். வானொலியில் அவருக்கு அக்கறை இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து சுவர் வழியாக அதே எழுத்துகளைக் கேட்டுக் கேட்டு எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அறுவடை மெஷின்காரர் போன் செய்தார். தெட்சிணாமூர்த்தி எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் டீச்சர் உச்சுக்கொட்டினார்.

"பேண்ட் செத்துப்போச்சு சார். சூரியன் கைவிட்டுருச்சு."

[பேண்ட் என்பது அவர் பேசும் அலைவரிசைப் பகுதி. இந்த அலைகள் மேல்வானத்தில் பட்டுத் திரும்பித்தான் தூர தேசம் போகின்றன. வானம் அப்படித் திருப்பிவிடுவது சூரியனின் புண்ணியத்தால். சில நேரம் திருப்பாது. அப்போது ஒன்றும் கேட்காது. தோற்கும் ஒவ்வொருவரும் சூரியனைத்தான் திட்டுவார்களாம்.]

ஆனால் எனக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் மெலிதாக ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தெட்சிணாமூர்த்தி திரும்பி வந்து இறாலை எடுத்தார். இறாலிடம் பேசுவதைப் போல முணுமுணுத்தார். "லிமா... டேங்கோ..." (எல், டி எழுத்துகளை வானொலியில் அப்படித்தான் சொல்வார்கள்.) டீச்சரின் விரல்கள் உடனே தட்டச்சு செய்தன. "ஆங், தொறந்துருச்சு பாருங்க பேண்டு!"

எழுத்து வாசற்படியிலிருந்து வந்தது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. தன் காதில்தான் விழுந்தது என்று நம்பினார்.

கடைசியில் ஓர் அரிய தீவு வந்தது. இந்தியப் பெருங்கடலில் ஏதோ ஒரு மூலை. அந்த ஒன்று போதும், முதலிடம். குரல் நூலாக வந்தது. டீச்சர் அசையவில்லை. தெட்சிணாமூர்த்தி முணுமுணுத்தார். அதுவும் எட்டவில்லை. தீவு இன்னொரு முறை கூப்பிட்டது. அவர் பொறுக்கமாட்டாமல் உரக்கவே சொல்லிவிட்டார், அழைப்புக்குறியின் எல்லா எழுத்தையும்.

டீச்சரின் கை நின்றது.

ஆனால் கூப்பிட்டவரை விட்டுப் போகக் கூடாதல்லவா? தீவுக்குப் பதில் சொன்னார். ஐந்து ஒன்பது கொடுத்தார், நன்றி சொன்னார். நேரம் மிச்சமிருந்தது. வானொலியை அணைத்தார்.

"ஏங்க சொன்னீங்க?"

"கேக்கலையேன்னுதான்."

"யாருக்கு?"

தெட்சிணாமூர்த்தி இறாலைப் பார்த்தார். அப்போது டீச்சரின் போன் அடித்தது. கருக்களாச்சேரியில் படகு வயர்லெஸ் பழுது பார்க்கும் மாணிக்கவேல். அவரும் உரிமம் வாங்கியவர், அவரும் போட்டியில் இருந்தவர்.

"என்னா டீச்சர், சீக்கிரமே முடிச்சிட்டீங்க? பேண்டு இன்னைக்கு அருமை! மத்தியானம் பூரா மூடவே இல்லையே!" போனும் ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"ஆமாம் மாணிக்கவேல். அருமை" என்று சொல்லிப் போனை வைத்தார். கணவரின் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நாளா இப்படி எடுத்துக் குடுக்குறீங்க?"

"போன வருசத்துலேர்ந்து."

"எல்லாத்தையுமா?"

"சேச்சே. உன் காதுல விழுறத நான் எதுக்குச் சொல்லப்போறேன்? விழாதத மட்டுந்தான்."

"அப்ப வீட்டுல பேசுறது மட்டும் எனக்கு எப்படிக் கேக்குது?"

"அதுக்குக் கொஞ்சம் சத்தமாப் பேசிப் பழகிட்டேன். நீ தோத்தா ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்ட வல்லி. அதான்."

டீச்சர் அழுவார் என்று நினைத்தேன். "ஆக, இத்தனை நாளும் வீட்டுக்குள்ளயே எனக்கு ஃபைவ் நைன் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். நான் நகைச்சுவைக்கென்று குறித்து வைத்த வழக்கம் அது. அதை அந்தக் குரலில் கேட்டபின், வீட்டுக்கு வந்து அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன்.

5

இங்கே தெட்சிணாமூர்த்தியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அன்பு, பொறுமை, மௌனம் என்றெல்லாம் அதில் இருந்தது. "சொல்லாமல் செய்யும் அன்பே"— என்று ஒரு வாக்கியம்கூட ஆரம்பித்தேன். பாரதிப்ரியா படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.

"அவரு பண்ணது நல்லதுன்னு யாரு சொன்னா? அவங்க தனியா நின்னு ஜெயிக்கணும்னு ஒரே ஒரு இடம் வச்சிருந்தாங்க. அங்கயும் இவரு வந்து உக்காந்துட்டாரு."

பத்தியை எடுத்துவிட்டேன். மனிதர் நல்லவர்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். அன்று விதியைக் காப்பாற்றியவன் நான், மனைவியைக் காப்பாற்றப் பார்த்தவர் அவர். யார் செய்தது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

[எழுதி முடிக்கும்வரை யாருக்கும் காட்டாதவன் என்று கூட்டங்களில் பெருமை அடித்திருக்கிறேன். இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த வரி இப்போது பாரதிப்ரியாவினுடையது. அப்படியானால் நான் எந்தப் பிரிவு?]

6

போட்டி முடிந்தபின், பேசிய நிலையங்களின் பதிவை அனுப்ப வேண்டும். அனுப்பும்போது பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே முடிவுகள்.

அ. ஒற்றை ஆள். டீச்சர் முதலிடம் வாங்குகிறார். இதை நான் எழுதவே முடியாது, அவர் அடிப்பார். தீவை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பலாமே என்று கேட்டேன். "மத்ததுல எது என் காதுல விழுந்துச்சு, எது அவரு வாயிலேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதைச் சொன்னபோதுதான் அவர் கண் கலங்கியது.

ஆ. பலர் பிரிவு. கேட்டவர்: தெட்சிணாமூர்த்தி. பேசியவர்: சௌந்தரவல்லி. நேர்மையான முடிவு. ஆனால் பட்டியல் வெளியானதும் மாணிக்கவேல் முதல் ஆளாக போன் செய்வார். "என்னா டீச்சர், அண்ணன் எப்பத்திலேர்ந்து ரேடியோ கேக்குறாரு?" தன் காது போய்க்கொண்டிருக்கிறது என்று டீச்சர் சொல்லியாக வேண்டும். பிறகு அது பள்ளிக்கூடம்வரை போகும். கடைசி பெஞ்சில் யார் என்ன கேட்கிறார்கள் என்று கொஞ்ச காலமாகவே அவருக்குப் புரியவில்லை. நடந்து பக்கத்தில் போய்க் கேட்கிறார். கண்டிப்பான டீச்சர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இ. சரிபார்ப்புக்கு மட்டும். இப்படி அனுப்பினால் இடம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆனால் அவரோடு பேசியவர்களின் கணக்கு சரிபார்க்கப்பட்டு, அவர்களுக்குச் சேர வேண்டியது சேரும். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். பெருந்தன்மையோடு கதையை முடித்துவிட்டு நானும் தூங்கப் போகலாம். டீச்சரிடம் சொன்னேன்.

"நாகரிகமான வழிதான் சார். ஆனா இதுல ஏன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல பாருங்க. அதான் எனக்கு இடிக்குது. இதுவும் ஒளிஞ்சுக்கிறதுதானே?"

பிறகு இந்தக் கதையை எழுத அனுமதி கொடுத்தார். "முடிவ மட்டும் நீங்களா எழுதாதீங்க. நான் இன்னும் அனுப்பல."

7

நேற்று மாலை இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போனேன். லேப்டாப் திறந்திருந்தது. திரையில் பிரிவுகளுக்கான கட்டங்கள் வரிசையாக இருந்தன, எதிலும் குறி இல்லை. நான் படிப்பதை டீச்சர் என் உதட்டைப் பார்த்தபடி கேட்டார். தீவு வந்த இடத்தில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் இப்போது ஒரு புது விதி. "எனக்காக யாரும் சத்தமாப் பேசக் கூடாது. நீங்களும் எடுத்துக் குடுக்கக் கூடாது சார். நெசமா எவ்வளவு கேக்குதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். கும்பகோணத்தில் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். தனியாகத்தான் போவாராம். பிறகு திரையின் பக்கம் திரும்பி மவுஸில் கையை வைத்தார்.

அப்போது தெட்சிணாமூர்த்தி சமையல்கட்டிலிருந்து பேசினார். விதிப்படி, தன்னுடைய இயல்பான குரலில். இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவர் அவர் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

"வல்லி, டாக்டர்கிட்ட நானும் கூட வரட்டா?"

டீச்சர் திரும்பவில்லை. தெட்சிணாமூர்த்தி டீ டம்ளரோடு கதவருகில் வந்து நின்றார். கேள்வியை மறுபடி சொல்லவில்லை. டீச்சரின் முதுகைப் பார்த்தபடி நிற்கிறார். எனக்குக் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

உங்களுக்கும் கேட்டுவிட்டது. நீங்கள் டீச்சரிடம் அதைச் சொன்னால், இது என் ஒருவனுடைய கதையாக இருக்காது. இருக்க வேண்டாம். டீச்சர் எதை அழுத்துவார் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் அந்த ஒரு வரி அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

யாராவது இருக்கீங்களா?