இன்னும் கொஞ்சம் பாவமாக

"இன்னும் கொஞ்சம் பாவமா வேணும் ஸ்வர்ணா" என்றான் ரித்விக். காலையிலிருந்து அவன் இதைச் சொல்வது மூன்றாவது முறை. ஸ்வர்ணாவின் திரையில் ஒரு வெள்ளைக் குதிரை நொண்டிக்கொண்டிருந்தது. வலது பின்னங்காலை அது முழுதாக ஊன்றவில்லை. குளம்பின் நுனி தரையில் பட்டதுமே இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, தலை தாழ்ந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது. நான்கு நாள் வேலை அது. எலும்பு எலும்பாக, நொடிக்கு முப்பது படம் என்று நகர்த்தி நகர்த்திச் செய்தது. ரித்விக் அவள் மேசை ஓரத்தில் ஒரு தொடையை ஏற்றி உட்கார்ந்து, காப்பியை உறிஞ்சிக்கொண்டே அதைப் பார்த்தான்.

"நடை சூப்பர். ஆனா ப்ளேயருக்கு அடிவயிறு கலங்கணும். தலையத் திருப்பி அவனையே ஒரு பார்வை பாக்கட்டுமே. கண்ணுல கொஞ்சம் ஈரம்."

"வலிச்சா குதிரை யாரையும் பாக்காது ரித்விக். காதைப் பின்னாடி மடிச்சுண்டு தனக்குள்ளயே போயிடும்."

"நிஜக் குதிரை பாக்காது. நம்ம குதிரை பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவளிடம் பயிற்சிக்கு வந்த பையன்தான் அவன். குதிரைக்கு முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். இப்போது வருவாய்ப் பிரிவுக்கே அவன் தலைவன். 'நீங்க' என்று அழைக்கும் மரியாதை மட்டும் அப்படியே இருந்தது. அந்த மரியாதையோடுதான் எல்லாவற்றையும் செய்ய வைத்தான்.

விளையாட்டின் பெயர் 'ஏழு கணவாய்'. மலைநாட்டில் குதிரைமேல் கடிதம் கொண்டுபோகும் ஒரு தபால்காரியின் கதை. எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் நூற்றுப்பத்துப் பேர் ஐந்து வருடம் முதுகொடியச் செய்தது. விலை ஐயாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு. வாங்கியவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. ஏதோ ஒரு குளிர்தேசத்திலிருந்து ஒரு ஆள், அந்தக் குதிரை பனியை உதறுவதைப் பார்ப்பதற்காகவே தினமும் வேலை முடிந்ததும் பத்து நிமிடம் சும்மா நிற்கிறேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதம் ஸ்வர்ணாவுக்கு வரி வரியாக மனப்பாடம்.

வெளிவந்து மூன்று மாதம் கழித்து விளம்பரங்கள் வந்தன. முதலில், முதல் கணவாயின் கல்சுவரில் ஒரு குளிர்பானத் தட்டி. தபால்காரி காலத்தில் குளிர்பானம் ஏது என்று எழுதிக் கேட்டவர்களுக்கு, தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் போனது. அடுத்து, குதிரை தண்ணீர் குடிக்கும் தொட்டியில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் பெயர். குதிரை குனிந்தால் அதன் மூக்கு நேராக அந்தப் பெயரில் போய் முட்டும். முழு விலை கொடுத்து வீட்டை வாங்கியவன் குளிக்கப் போனால், குளியலறைக் கதவில் சில்லறை கேட்டு ஒருத்தனை நிறுத்தி வைப்பதற்குச் சமம் அது. கூட்டத்தில் ஸ்வர்ணா இதைக் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் சொல்லவும் செய்தாள்.

"அவங்கதான் ஏற்கெனவே அஞ்சாயிரம் குடுத்துட்டாங்களே!"

"குடுத்தவங்கதானே ஸ்வர்ணா மறுபடி குடுப்பாங்க? குடுக்காதவன்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்?" என்று ரித்விக் சிரித்தான். மேசையைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் காயம். நாற்பது நிமிடம் ஓடினால் குதிரைக்குக் கால் அடிபடும். எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அடிபடும். தானாக ஆற ஆறு மணி நேரம். பொறுக்க முடியாதவர்கள் நான்கு விளம்பரம் பார்க்கலாம், அல்லது எழுபத்தொன்பது ரூபாய்க்குக் களிம்பு வாங்கலாம். பார்க்கிற ஆளின் மனசு எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு களிம்பு விற்கும். அதற்குத்தான் ரித்விக்குக்குக் குதிரையின் கண்ணில் ஈரம் வேண்டியிருந்தது.

அந்த நொண்டல் ஸ்வர்ணா கற்பனையில் செய்ததல்ல. ஜீவனஹள்ளியில் ரயில்பாதை ஓரத்துச் சந்தில், கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு வெள்ளைப் பெண்குதிரை கட்டியிருக்கும். எட்டு மாதம், ஞாயிறு தவறாமல், அதன் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு ஞாயிறு அதன் குளம்பில் ஆணி ஏறியிருந்தது. சொந்தக்காரன் டாக்டரைக் கூட்டிவர ஓடியிருந்தான். அந்த அரைமணி நேரமும் அவள் அதைப் படம் பிடித்தாள். அன்றைக்கே கூசியது. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் எடுத்தாள். அது இதற்குத்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது வாய்க்குள் எச்சில் கசந்தது. ஆனாலும் சாயங்காலத்துக்குள் குதிரை தலையைத் திருப்பி, ஈரக் கண்ணால் பார்த்தது.

அடுத்த வாரம் அதைச் சோதித்தார்கள். சோதனை அறையில் ஒரு சோபா, எதிரே பெரிய டிவி. பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி வழியே இவர்கள் பார்க்கலாம். அங்கே இருப்பவருக்கு இவர்கள் தெரியமாட்டார்கள். விளையாடுகிறவர் என்ன கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது என்பது சட்டம். வழக்கமாக வருகிற விளையாட்டுப் பைத்தியங்கள் வேண்டாம், அவர்கள் உஷார் பேர்வழிகள் என்று சொல்லி, இதுவரை கன்ட்ரோலரைக் கையாலும் தொடாதவர்களாகப் பன்னிரண்டு பேரை ரித்விக் பிடித்திருந்தான். அக்கவுண்ட்ஸில் சிலர், எச்.ஆரில் சிலர், இரண்டு செக்யூரிட்டி, இரண்டு ஹவுஸ்கீப்பிங். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்க் கூப்பன்.

ஏழாவதாக வந்தவர் குளோரியா. நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி வந்து நான்காவது மாடி முழுவதையும் பெருக்கித் துடைப்பவர். ஐம்பது வயது இருக்கும். அவர் கன்ட்ரோலரைச் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் நுனிவிரல்களால் பிடித்தார். முதல் பத்து நிமிடம் குதிரை சுவரிலேயே முட்டிக்கொண்டிருந்தது. பிறகு கை பழகிவிட்டது. "மெல்லப் போடா கண்ணு, வழுக்கப் போவுது" என்று டிவியோடு பேச ஆரம்பித்தார். நாற்பதாவது நிமிடம் கால் அடிபட்டது. குதிரை திரும்பிப் பார்த்தது.

"ஐயோ ஏசுவே!"

களிம்பு, விளம்பரம், காத்திருப்பு என்று மூன்று பெட்டிகள் திரையில் வந்தன. ரித்விக் மடிக்கணினியை அருகில் இழுத்துக்கொண்டான். குளோரியா அந்தப் பெட்டிகளை ஈ விரட்டுவதுபோல் விரட்டிவிட்டார். குதிரை இரண்டடி நொண்டியது. "இன்னாத்துக்கு இன்னும் மேல குந்தினு கீறா இவ? எறங்குறது எப்பிடி சார்?" என்று வெறும் அறையைக் கேட்டார். பதில் வராததால் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிப் பார்த்தார். தபால்காரி இறங்கினாள். இன்னொரு பொத்தானில் கடிவாளம் கைக்கு வந்தது. அவ்வளவுதான். குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த ஊரை நோக்கி, மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தார். இருபது நிமிடம் வேறொன்றும் செய்யவில்லை. ரித்விக்கின் மடிக்கணினியில் வருமானக் கோடு ஏறாமல் கிடையாகப் போய்க்கொண்டிருந்தது.

கூட நடக்கிற அந்த வசதியை மூன்றாவது வருடத்தில் சண்டை போட்டு வாங்கியது ஸ்வர்ணாதான். அதை யாருமே பயன்படுத்துவதில்லை என்று கணக்குகள் சொல்லின. வெளியே வந்த குளோரியா அவளிடம், "ஊர் வர்றதுக்குள்ள டைம் ஆயிடிச்சி மேடம். இன்னும் ஸ்வல்ப தூரந்தான் இருந்திச்சி. எதுனா கட்டு கிட்டு போட்டு வுடுங்க, பேஜாரா கீது பாக்கறதுக்கு" என்றார். ஸ்வர்ணா அன்று பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

பன்னிரண்டு பேரில் நான்கு பேர் அப்படி இறங்கி நடந்திருந்தார்கள். நால்வரும் செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங்கும்தான். மேசைமுன் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கும் இறங்கத் தோன்றவில்லை. மறுநாள் ரித்விக் அதைத் திரையில் போட்டுக் காட்டி, "இது ஓட்டை. அடைச்சாகணும்" என்றான்.

"எதை அடைக்கறது?"

"எறங்கினா குதிரை படுத்துடணும் ஸ்வர்ணா. இழுத்தாலும் எழுந்திருக்கக் கூடாது. மூச்சு மட்டும் வாங்கிண்டு கெடக்கணும். மருந்து குடுத்தா டக்குனு எழுந்து நிக்கலாம்."

"என்னால முடியாது."

"சரி, விடுங்க" என்றான் அவன், கொஞ்சமும் கோபப்படாமல். "மணிலா அனிமேஷன் டீம்கிட்ட குடுத்துடறேன். அவங்ககிட்ட ரெடியா படுத்த மாடு ஒண்ணு இருக்காம். அதையே இழுத்து நீட்டிக் குதிரை ஆக்கிடலாம்னாங்க."

மாடு. அவளுடைய குதிரை மாடு மாதிரி படுக்கும். எழுந்திருக்கும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும். உலகத்தில் குதிரையைப் பார்த்தவன் எவனும் சிரிப்பான். குளிர்தேசத்து ஆள் அதைப் பார்ப்பார். தன்னை எங்கே தட்டினால் என்ன சத்தம் வரும் என்று ரித்விக்குக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் அன்று இரண்டு மணிக்குப் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தாள். வேறு யார் கையும் என் குதிரைமேல் படக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பொய் இல்லை என்பதுதான் கேவலம்.

ஆறு நாள் ஆனது. முன்னங்கால்கள் முதலில் மடிந்தன. உடம்பு ஒரு கணம் தயங்கி, பிறகு முழுப் பாரமும் பக்கவாட்டில் சாய்ந்தது. கழுத்து புழுதியில் நீண்டது. விலா எலும்புகள் ஏறி இறங்கின. மூக்கின் விளிம்பு விரிந்து சுருங்கியது. இரண்டு மூச்சுக்கு ஒருமுறை அது தலையைத் தூக்கி, வலிக்கிற காலைப் பார்த்து, முடியாமல் மறுபடி கீழே வைத்தது. பதினான்கு வருட வேலையில் இவ்வளவு நன்றாக அவள் எதையும் செய்ததில்லை. பார்த்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், அவர்களோடு சேர்ந்து அவளும் தன் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி நடந்த அதே நான்கு பேரை ரித்விக் மறுபடியும் கூப்பிட்டான். குளோரியா வருவதற்கு முன்னாலேயே ஸ்வர்ணா அவரை லிஃப்ட் பக்கம் மடக்கினாள்.

"அக்கா, இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடுங்களேன். வேலை இருக்குன்னு சொல்லுங்க."

"ஏன் மேடம்? சூப்பர்வைசர் பர்மிசன் குடுத்துட்டாரு." குளோரியா தணிந்த குரலில் சிரித்தார். "கூப்பன் கெடக்கட்டும். அந்தக் குதிர ஊரு போய் சேந்துச்சா இல்லியானு தெரியல. பத்து நாளா அதே நெனப்பு."

சொல்லியிருக்கலாம். அது ஊர் போய்ச் சேரப்போவதில்லை, நான்தான் படுக்க வைத்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். லிஃப்ட் திறந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். குளோரியா ஒதுங்கி வழிவிட்டு, அப்படியே சோதனை அறைக்குள் போய்விட்டார்.

இந்த முறை அவர் கை தடுமாறவில்லை. நாற்பதாவது நிமிடம் குதிரைக்கு அடிபட்டது. குளோரியா உடனே இறங்கினார். கடிவாளத்தைப் பிடித்தார். குதிரையின் முன்னங்கால்கள் மடிந்தன.

"டேய். டேய், வேணாண்டா கண்ணு." குளோரியா சோபாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். குதிரை தலையைத் தூக்கிக் காலைப் பார்த்துவிட்டு மறுபடி புழுதியில் வைத்தது. ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. பத்து விநாடி கழித்து, சொல்லி வைத்ததுபோல், படுத்திருந்த குதிரையின்மேல் களிம்புப் படமும் எழுபத்தொன்பது என்ற எண்ணும் போனில் ஸ்கேன் செய்யும் கட்டமும் வந்தன.

விளையாட வந்தவர்களுக்கு உள்ளேயே விளையாட்டுக் காசு வைத்திருந்தார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். குளோரியாவுக்கு அது ஞாபகம் வரவில்லையோ, புரியவே இல்லையோ. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை அவருக்குத் தெரியும். தள்ளுவண்டியில், பால் பூத்தில் தினமும் பார்ப்பது. கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்தார். இடுப்பிலிருந்து தன் போனை எடுத்தார். டிவிக்குக் கிட்டே போய் அதை நீட்டிப் பிடித்தார்.

ரித்விக் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டான். "சொந்தக் காசு ஸ்வர்ணா" என்றான், கோவிலில் பேசுவதுபோல் கிசுகிசுத்து. "அந்தம்மா சொந்தக் காசு குடுக்கறாங்க."

"அந்தக் கட்டம் சும்மா படம் ரித்விக். எதுலயும் கனெக்ட் ஆகலை. வேலை செய்யாதுன்னு போய்ச் சொல்லு."

"ரெண்டே நிமிஷம். எத்தனை தடவை ட்ரை பண்றாங்கன்னு பாத்துக்கறேன்." அவன் விரல்கள் தட்டச்சு செய்துகொண்டே இருந்தன. 

ஸ்வர்ணா அவனைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். திரையில் விலா எலும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்த மூச்சு எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று அப்போதும், அந்த நேரத்திலும், அவளுக்குத் தோன்றியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கதவு நான்கடி தூரத்தில் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளோரியா போனைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார். ஸ்கேன் ஆகவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, மண்டியிட்டு, திரையைத் துடைக்க ஆரம்பித்தார். முதலில் அந்தக் கட்டத்தை, மூலை மூலையாக. அப்புறம் அதற்கு அடியில் புழுதியில் கிடந்த குதிரையின் முகத்தை.