அலமாரிமேல் ஒரு குரல்

அந்தக் குழுவின் பெயர் ‘தேவையா இது?’. வாரம் ஒரு புதுக் கருவியைப் பற்றி யாராவது எழுதுவார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்று மற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள். வேண்டவே வேண்டாம் என்று கத்துகிறவர்தான் மறுவாரம் அதை வாங்கி வைத்துக்கொண்டு எப்படி இயக்குவது என்று கேட்பார். யாருக்கும் யார் முகமும் தெரியாது, எல்லாம் புனைபெயர்கள்.

அவள் அங்கே ‘ப்ளக் பாயிண்ட்’. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் போனில் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. “ப்ளக் மாட்டியிருக்கா பாருங்க” என்று ஆரம்பித்தே நாக்கு பழகிவிட்டதால், குழுவில் யார் எதைக் கேட்டாலும் அதையே முதலில் கேட்டு வைப்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்குச் சரிக்குச் சரி வாயாடுகிறவர் ‘பழைய சார்ஜர்’. இன்டர்நெட் இணைப்புள்ள ஃப்ரிட்ஜைப் பற்றி யாரோ புகழ்ந்து எழுதியபோது, “உள்ள இருக்கிற தக்காளி மெயில் பாக்கவா?” என்று கேட்டவர். வீட்டைத் தானே கூட்டும் இயந்திரம் சோபாவுக்கடியில் சிக்கிக்கொண்டு போனுக்குச் செய்தி அனுப்புகிறது என்று பல் டாக்டர் ஒருவர் புலம்பினார். “நல்ல மாப்பிள்ளை மாதிரிதான். கால் மணி நேரம் வேலை, முக்கால் மணி நேரம் கூப்பாடு” என்றார் சார்ஜர்.

“உங்க வீட்ல எந்த மாப்பிள்ளை கால் மணி வேலை செய்யறார்? விலாசம் குடுங்க, வந்து பாக்கறோம்” என்று அவள் எழுதினாள். முப்பது பேர் சிரித்தார்கள். சார்ஜரும் சிரித்தார்.

ஆபீசில் மதிய இடைவேளையில் அவள் போனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பதைக் கண்டு பக்கத்து நாற்காலிக்காரி, “யாருடி அது?” என்றாள். “சும்மா, ஒரு வாயாடி” என்றாள் இவள்.

ரிமோட்டைப் பற்றிப் பேச்சு வந்த வாரம்தான் அந்த வாயாடி யாரென்று தெரிந்தது. கையை அசைத்தாலே சேனல் மாறும் டிவி வந்துவிட்டதே, இனி ரிமோட் எதற்கு என்று விவாதம். சார்ஜர் எழுதியிருந்தார்: “ரிமோட் இல்லாத வீடு ராஜா இல்லாத நாடு. எங்கப்பா அதுக்கு செங்கோல்னு பேர் வச்சிருந்தார். பேட்டரி மூடி உடைஞ்சு, ரப்பர் பேண்ட் போட்ட செங்கோல். அவர் தூங்கினப்பறம்தான் ஆட்சி மாறும்.”

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த ரப்பர் பேண்டைப் போட்டவளே அவள்தான். அண்ணன்.

அண்ணன் அவளோடு பேசாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் கட்டிக்கொண்டவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் மனைவியைப் பறிகொடுத்து, கையில் பெண்குழந்தையோடு நின்றவர். “இரண்டாந்தாரமா போகணும்னு உனக்கென்ன தலையெழுத்து? படி தாண்டினா தாண்டினதுதான்” என்றான் அண்ணன். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அதோடு சரி. பிறகு வீடு மாறினார்கள், போன் எண் மாறியது. போய் நிற்க ஒரு வாசல்கூட அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

“நல்லா சிரிக்க சிரிக்க எழுதறாரே. இவரா அவர்?”

“வீட்ல சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அப்பா போனப்பறம் எல்லாத்துக்கும் முறைப்புதான்.”

“சொல்லிடேன், நான்தான்னு.”

“சொன்னா அந்த நிமிஷமே கதவைச் சாத்திடுவான். இப்படியாவது பேசிட்டுப் போறேன்.”

அப்படியே பேசினாள். முன்பு மனம்போன போக்கில் எழுதியவள், இப்போது ஒவ்வொரு வரியையும் அழித்து அழித்து எழுதினாள். அண்ணன் எழுதும் நகைச்சுவையில் அம்மாவைத் தேடினாள். கொஞ்சம் கொஞ்சமாக அம்மா வரவும் செய்தாள். அண்ணன் கேட்ட கேள்விகள் வழியாக வந்தாள். முதலில், பெரிய பட்டன் வைத்த போன் எது நல்லது என்று கேட்டான். பிறகு, அடுப்பை அணைக்க மறந்தால் தானே அணைந்துகொள்ளும் கருவி உண்டா என்று கேட்டான். பிறகு, வாசல் கதவு திறந்தால் சத்தம் போடுகிற மணி.

“யாரு சார், வீட்ல திருடனா? உள்ளே வரவனா, வெளியே போறவனா?” என்று ஒருவர் கிண்டலடித்தார்.

“வெளியே போறவங்கதான்” என்று மட்டும் எழுதினான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த மணியை எப்படிப் பொருத்துவது என்று அவள்தான் படிப்படியாக எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பின் அவன் அவளுக்குத் தனியாகவே செய்தி அனுப்ப ஆரம்பித்தான். அம்மாவின் அறையில் அலமாரிமேல் கேமரா வைத்திருக்கிறான், படம் மங்கலாக இருக்கிறது, பக்கத்து அறையில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கியது, இப்போது ஒன்றும் தெரியவில்லை. “நீங்களே பாருங்க” என்று ஒரு படத்தை அனுப்பினான்.

புகைக்கு நடுவே உட்கார்ந்திருப்பதுபோல் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை தொங்கிய முடியைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். யாரோ கூப்பிட்டதுபோல் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் மேஜையில் வைத்து அவள் அதைப் பார்த்தாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் யாரோ ஒருவர் தன் மெஷின் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “லைன்ல இருங்க சார்” என்றாள். அண்ணனுக்கு எழுதினாள்: “லென்ஸ்மேல மெல்லிசா பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உரிச்சீங்களா?”

சற்று நேரத்தில் பதில் வந்தது. “உரிக்கல. அசடு நான். இப்ப பளிச்சுனு இருக்கு.” கூடவே, சத்தம் சரியாக வரவில்லை என்று, அவளே பார்த்துச் சரிசெய்துகொடுக்கும்படி கேமராவை அவள் போனிலும் திறந்துவிட்டான். முகம் தெரியாத ஒருத்தியை அவ்வளவு நம்பினான். கூடப் பிறந்தவளை அல்ல.

சத்தத்தைச் சரிசெய்துவிட்டு அவள் கேட்டாள்: “அம்மா யாரையாவது தேடறாங்களா?”

“எல்லார் பேரும் மறந்துபோச்சு. நான் யாருன்னே சில நாள் தெரியாது. ஒருத்திய மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அத விடுங்க.”

அவளால் விட முடியவில்லை. “அண்ணா, நான்தான்” என்று எழுதி அனுப்பினாள். அவன் படித்துவிட்டான் என்று அடையாளம் காட்டியது. பிறகு அவன் பெயருக்குப் பக்கத்திலிருந்த படம் மறைந்தது. குழுவிலும் ‘பழைய சார்ஜர் வெளியேறினார்’ என்று வந்தது. “யாருங்க சார்ஜரைப் பிடுங்கினது?” என்று பல் டாக்டர் கேட்டார். ஆளாளுக்கு ஒரு ஜோக் சொன்னார்கள்.

ஆனால் கேமராவை அவன் மறந்துவிட்டான். அவள் போனில் அந்த அறை திறந்தே கிடந்தது.

பார்ப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். கணவரும் சொன்னார். “பெத்தவளைப் பாக்கறது தப்பா?” என்று கேட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் படிக்கட்டில் போய் உட்கார்ந்து பார்ப்பாள். அம்மா போர்வையை மடிப்பாள். மடித்ததை உதறி மறுபடியும் மடிப்பாள். ஒருநாள் மடிப்பதை நிறுத்திவிட்டு, “பாப்பா” என்று காலியான அறையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அவள் விரல் தானாகவே போய், கேமரா வழியே பேசும் பொத்தானை அழுத்தியது.

“என்னம்மா?”

அம்மா அப்படியே நின்றாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “எங்கடி இருக்க?” என்று கேட்டுக்கொண்டே கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். குரல் அலமாரிமேலிருந்து வந்தது என்று கண்டுகொண்டு அதை நோக்கிப் போகையில் போர்வை காலில் சிக்கித் தடுமாறினாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தான்.

“யார்கிட்டம்மா பேசற?”

“பாப்பா வந்திருக்காடா. உள்ள வரச் சொல்லு, வெயில்ல நிக்கப் போறா.”

அண்ணன் மெல்ல நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான். காதோரம் நரைத்திருந்தது. பிடுங்கி எறியப்போகிறான் என்றே அவள் நினைத்தாள். அவன் அம்மாவை உட்காரவைத்தான். போர்வையை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு கேமராவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்.

“நிக்கும்போது பேசாத. விழுந்துடுவாங்க. சாப்பிடறப்ப பேசு, உக்காந்திருப்பாங்க.”

அவ்வளவுதான். ‘வா’ என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கிடைத்ததுகூடப் போய்விடுமோ என்ற பயம். தினமும் மதியம் அண்ணி தட்டோடு வந்து உட்கார்ந்ததும் அவள் பேசினாள். அடம்பிடித்த அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். “உம் பொண்ணு நல்லா இருக்காளா?” என்றுகூட ஒருநாள் கேட்டாள். கணவரின் மகளைத்தான் கேட்டாள். அது எப்படி அவள் நினைவில் நின்றதோ.

மாதங்கள் கழித்து, மழைக்காலம் முடிகிற சமயத்தில், அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு விலாசம். அதற்குக் கீழே, “ஞாயித்துக்கிழமை வா.”

போனாள். தலையை வாரி, புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கையில் அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். கதவைத் திறந்த அண்ணி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணன் பின்னால் நின்று, “உள்ள இருக்காங்க” என்றான்.

அம்மா கட்டிலில் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தாள். அவள் போய்த் தரையில் மண்டியிட்டு அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அம்மா மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

“நீங்க யாரு? நர்ஸா?”

“நான்தாம்மா. பாப்பா.”

அம்மா சிரித்தாள். அலமாரியைக் காட்டினாள். “பாப்பா அங்க இருக்கா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மறைக்கிறீங்க.”

“அம்மா, என்னைப் பாரேன். என் குரலைக் கேளேன்.”

“அவள மாதிரியேதான் பேசறீங்க” என்றாள் அம்மா இரக்கத்தோடு. “உங்களுக்கு அம்மா இருக்காங்களா?”

அண்ணி தட்டை வைத்தாள். அம்மா தொடவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாக ஆக அவள் உதடு துடிக்கத் தொடங்கியது. “இன்னிக்கு ஏன் வரல? கோவமா?” என்றாள். அண்ணன் தங்கையைப் பார்த்தான். கேட்கவந்ததைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவளுக்கே புரிந்தது. எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அவன் வரைபட மேஜை முன்னால் உட்கார்ந்து, போனை எடுத்தாள்.

“அம்மா, சாப்டியா?”

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. கண்ணிமைக்கும் நேரம் தாமதித்து போனிலும் கேட்டது.

“வந்துட்டியா? ஏன்டி இவ்வளவு நேரம்? இங்க ஒரு பொம்பள வந்திருக்கா. நல்லவளாத்தான் தெரியறா. பாவம், அழறா.”

“எதுக்கு அழறாங்களாம்?”

“தெரியல. அம்மா இல்ல போல. அண்ணன்கிட்ட சொல்லி சாப்பாடு போட்டு அனுப்பறேன்.”

“சரிம்மா. நீ முதல்ல சாப்பிடு.”

அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தான். “உன்னை முன்னாடியே கூப்பிட்டிருக்கணும். அப்ப முகம் தெரிஞ்சிருக்கும்” என்றான். அவளுக்குத் திட்டவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் பக்கத்து அறையில் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றால் சாப்பாடும் நின்றுவிடும்.

அதற்குப் பின் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். முதலில் வரைபட மேஜையில் உட்கார்ந்து மகளாகப் பேசுவாள். பிறகு அம்மாவின் அறைக்குப் போய், அந்தக் குட்டை முடிக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து வாரிவிடுவாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்திருப்பாள். அவளுக்கு வந்தவளைப் பிடித்துப்போயிருந்தது. மனம்விட்டு ஒருநாள் குறையும் சொன்னாள்.

“எனக்கும் ஒரு பொண்ணு இருக்காம்மா. வாய்ப் பேச்சுலதான் பாசமெல்லாம். நேர்ல ஒருநாள் எட்டிப் பாக்கறதில்ல.”

“வருவாங்கம்மா” என்றாள் அவள், சீப்பை எடுத்துக்கொண்டு. “தலையை இப்படி இந்தப் பக்கம் சாயுங்க.”