நான்கு டாங்கிகளும் கீறல் விழாத லொறியும்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கும் கல்யாணிக்குப் போரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோயம்புத்தூர்க்காரி, கடல் கடந்து வந்து மல்கிரேவில் காப்பீட்டு அலுவலக வேலை. ஒரு சனிக்கிழமை வெரிபீயில் காரைச் சர்வீசுக்கு விட்டாள். மழைக்கு ஒதுங்கிய இடம் சிறிய விமான அருங்காட்சியகமாக இருந்தது. கதை பிறந்தது அப்படித்தான்.

முதல் தொடக்கம்: "மேகத்தைக் கிழித்துக்கொண்டு அந்தப் போர்விமானம்—" (வேண்டாம். விமானத்தில் ஜன்னல் இருக்கை கிடைத்த போதெல்லாம் தூங்கிப்போனவள் மேகத்தைப் பற்றி எழுதக்கூடாது.)

இரண்டாம் தொடக்கம்: "டாங்கி என்பது—" (பள்ளிக் கட்டுரை.)

ஆகவே நடந்ததையே எழுதுகிறாள். இரண்டாம் உலகப் போரில் விமான இறக்கையில் இருந்த பீரங்கி ஒன்று, ஆளைவிட நீளமாகக் கிடந்தது. பக்கத்தில் நின்ற தன்னார்வ வழிகாட்டியின் சட்டையில் 'சிறிதரன்' என்று பெயர். அறுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற பொறியாளர். இது டாங்கியை உடைக்குமா என்று தமிழிலேயே கேட்டாள்.

"உடைச்சதெண்டும் சொல்லலாம், இல்லையெண்டும் சொல்லலாம், பிள்ளை" என்றார் அவர்.

2.

அவர் விளக்கியதில் கல்யாணிக்குப் புரிந்தது இவ்வளவு. விமானி பாய்ந்து இறங்கிச் சுடுவது சில நொடிகள்தான். கீழே புழுதி, புகை. டாங்கி அழிந்தது என்று பதிவேட்டில் எழுதிவிடுவான். பொய் இல்லை, அவன் கண்ட காட்சி அது. பிறகு ஆய்வாளர்கள் அதே சாலைகளில் நடந்து துளைகளை எண்ணினார்கள். லாரிகள் கருகிக் கிடந்தன. டாங்கியின் கனத்த இரும்பிலோ பெரும்பாலும் சிராய்ப்புத்தான்.* ஆனால் துளையே இல்லாத டாங்கிகளும் மூடி திறந்தபடி நடுச்சாலையில் நின்றன. விமானச் சத்தத்துக்கே உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடியிருந்தார்கள்.

அவற்றை அழிந்தவை என்று எண்ணுவதா, கூடாதா?

(* பெரிய பீரங்கி பொருத்திய சில விமானங்கள் டாங்கிகளைத் துளைக்கவும் செய்தன என்று சிறிதரன் பிறகு சொன்னார். கல்யாணிக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெளிவும் அதோடு போயிற்று.)

3.

பீரங்கிக்கு விளக்கப் பலகை எழுதும் பொறுப்பு சிறிதரனுடையது. "இது டாங்கிகளை அரிதாகவே அழித்தது" என்று எழுதி வைத்திருந்தார். அடுத்த வாரம் கல்யாணி மறுபடி போனபோது ஹீதர் என்ற எண்பது வயதுப் பெண்மணி அதைப் படித்துக்கொண்டிருந்தார். பீரங்கியோடு காட்சிக்கு வைக்க, போரில் விமானியாக இருந்த தன் தந்தையின் பறப்புப் பதிவேட்டைக் கொடுத்தவர் அவர்தான். அதில் ஒரு பக்கத்தில் மைப்பேனாவில் இருந்தது: டாங்கிகள், நான்கு.

அப்படியானால் என் அப்பா பொய்யரா என்று ஹீதர் ஆங்கிலத்தில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "இல்லை" என்றார் சிறிதரன். ஞாயிறு காட்சித் திறப்புக்கு வருகிறேன், பலகை இப்படியே இருந்தால் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு ஹீதர் போனார்.

சிறிதரன் பலகையைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பலகைக்கா இவ்வளவு?

(இந்த இடத்தில் கல்யாணிக்குத் தன் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் ஒன்றைக் கற்பனை செய்து இரண்டு பக்கம் எழுதினாள். கிழித்தாள். நேராகக் கேட்டாள்.)

4.

போர் நடந்த வன்னியில், சிறிதரனுக்கு முப்பத்தைந்து வயதில், அரிசி லொறி ஒன்றில் போய்க்கொண்டிருந்தார். கூட மனைவியின் அண்ணன் யோகேஸ்வரன், எலும்பு முறிந்த காலில் மாக்கட்டோடு. விமானம் தாழ வந்தது, சுட்டது.

"நான் குதிச்சு ஓடீட்டன், பிள்ளை. மச்சானை லொறியிலையே விட்டிட்டு. ஒரு மணித்தியாலத்தால திரும்பி வரேக்க அவர் அப்பிடியே இருந்தவர். வா போவம் எண்டார், அவ்வளவுதான். லொறியில ஒரு கீறல் இல்லை. மேல இருந்தவன் தன்ர புத்தகத்தில என்னத்தை எழுதியிருப்பான்?"

இன்று யோகேஸ்வரன் சிட்னியில். பொங்கல், பிறந்தநாளுக்குப் பேசிக்கொள்வார்கள். லொறியைப் பற்றி ஒருநாளும் இல்லை.

இதை எழுதலாமா அங்கிள் என்று கேட்டாள். அது மச்சானின் கதையும்தான், அவரைக் கேட்டுவிட்டு எழுதும்படி சொல்லி எண்ணைக் கொடுத்தார்.

சனிக்கிழமை சிட்னிக்குப் பேசினாள். யோகேஸ்வரன் முழுவதையும் கேட்டார். பிறகு நீண்ட நேரம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவன் எங்க தானா ஓடினவன்? கட்டுப் போட்ட காலோட நான் என்னெண்டு ஓடுறது. நீ போடா எண்டு நான்தான் தள்ளிவிட்டனான். அவனுக்கு அது நினைவில்லை போல." தொலைக்காட்சியை நிறுத்தினார். "நான் இப்பிடிச் சொன்னனான் எண்டு அவனிட்டச் சொல்லும், என்ன?"

கல்யாணி போனை வைத்தாள். அது நினைவா, அந்தக் கணத்தில் பிறந்த கருணையா? ஓடியவருக்கு ஒரு கணக்கு, இருந்தவருக்கு ஒரு கணக்கு. சாலையில் நடந்து துளை எண்ணிப் பார்க்க வழியில்லை.

5.

முடிவு ஒன்று: ஹீதர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். (எழுதிப் பார்த்தாள். நடந்தது அதுவல்ல.)

ஞாயிறு காலை புதிய பலகை இருந்தது: "இதன் குண்டுகள் டாங்கியின் இரும்பை அரிதாகவே துளைத்தன. ஆனால் பல டாங்கிகள் துளையே இல்லாமல் கைவிடப்பட்டு நின்றன. உள்ளே இருந்தவர்கள் ஓடியிருந்தார்கள். இந்த விமானி நான்கு என்று எழுதினார். அவர் எழுதியது பிழை என்று சொல்ல எங்களால் முடியவில்லை."

ஹீதர் இரண்டு தடவை படித்தார். மேசைமேல் இருந்த பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து, தானே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். சிறிதரனின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுத் தேநீர் மேசைப் பக்கம் நடந்தார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிறிதரன் கல்யாணியிடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், பீரங்கியைப் பார்த்தபடி கேட்டார்.

"மச்சானோட கதைச்சனீங்களோ? என்ன சொன்னவர்?"

யோகேஸ்வரன் சொன்னதைச் சொன்னால் இந்த மனிதர் முப்பது வருடச் சுமையை இறக்கி வைக்கலாம். அல்லது, தள்ளிய கை எதுவும் தன் முதுகில் பட்டதில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால், மச்சான் தனக்காகப் பொய் சொன்னார் என்ற இன்னொரு சுமையும் சேரலாம். கல்யாணிக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

"அங்கிள், அவர் வந்து—"

இதற்கு மேல் அவளால் எழுத முடியவில்லை. யோகேஸ்வரன் பேசியதை, பேசாமல் இருந்த நேரம் உட்பட, நீங்களும் கேட்டீர்கள். வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். சிறிதரன் நின்றுகொண்டிருக்கிறார்.