ஐம்பது கேபிக்குள் ஒரு வானம்

படத்தைத் திறந்ததும் எமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் குற்றமில்லை. திரையில் இருந்த வானம்தான் கலங்கிக் கிடந்தது.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலை, ஜீடிமெட்லாவில் அவள் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியின் வாசலில் எடுத்த படம் அது. பகலெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஜெனரல் ஷிப்ட் முடிந்த பெண்கள் பஸ்ஸுக்காக மதிலோரம் நிற்கிறார்கள். அவர்களுக்கு மேலே வானம் அடியில் ஆரஞ்சாகத் தொடங்கி, இந்த இடத்தில்தான் மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாதபடி மெல்ல மெல்ல ஊதாவாகி, உச்சியில் மை நிறத்தில் முடிகிறது. வரிசையில் முதலாவதாக அவள் தோழி சௌம்யா. தலையிலிருந்த வலைத்தொப்பியை அப்போதுதான் உருவியிருக்கிறாள். அதன் எலாஸ்டிக் அழுத்திய கோடு நெற்றியில் ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம்வரை பதிந்திருக்கிறது. கூட வேலை செய்யும் பாலாவிடம் கேமராவை இரவல் வாங்கி எடுத்தது. அந்த ஒரு நெற்றிக்கோட்டுக்காகவே எமி அந்தப் படத்தின் மேல் உயிராக இருந்தாள்.

சைனிக்புரியில் நஸ்ரின் என்ற பெண்மணி நடத்தும் புகைப்படக் கண்காட்சிக்கு அதன் சின்ன நகலை அனுப்பியிருந்தாள். தேர்வாகிவிட்டது. இருபத்துநாலு அங்குல அகலத்தில் அச்சிட்டு மாட்டுவார்களாம். பெரிய ஃபைல் இன்று, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அவள் கையால் ஆன ஒன்று ஒரு சுவரில் ஏறுவது இதுதான் முதல் தடவை. இப்போது மணி மூன்று.

வானத்தில் படிக்கட்டுகள் விழுந்திருந்தன. ஆரஞ்சு ஒரு படி, அதைவிடக் கொஞ்சம் கருத்த ஆரஞ்சு ஒரு படி, அப்புறம் திடீரென்று ஊதா. பெரிதாக்கிப் பார்த்தாள். சௌம்யாவின் நெற்றி மூன்று சதுரங்களாக இருந்தது. மூன்றும் ஒரே பழுப்பு.

ஃபைலின் அளவைப் பார்த்தாள். நாற்பத்தொன்பது கேபி.

“டாடி!”

தேவசகாயம் தேநீர் டம்ளரோடு வந்தார். குஷாய்குடா பக்கத்து அரசு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் முப்பத்தோரு வருடம் கருவிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். ஏ.எஸ்.ராவ் நகரில் அவர்கள் தெருவில் யார் எந்தப் பரீட்சைக்கு விண்ணப்பித்தாலும், போட்டோ ஐம்பது கேபிக்குள் இருந்தால்தான் ஆயிற்று என்று அந்த வெப்சைட் அடம்பிடிக்கும். உடனே பென்டிரைவோடு இவரிடம் ஓடிவருவார்கள். ஐம்பதுக்குள் அடக்குவதில் அவருக்கு ஒரு கைராசி என்று தெரு நம்பியது. அவரும் நம்பினார். நாளடைவில் ஐம்பது கேபிக்கு மேற்பட்ட எந்தப் படமும் அவர் கண்ணுக்கு ஊதிப்போன உடம்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

“என் ஃபோல்டரை என்ன பண்ணீங்க?”

“க்ளீன் பண்ணேன் மா. சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. அறுப்பின் பண்டிகை வீடியோ முழுசையும் சபையில என்கிட்டதானே குடுத்திருக்காங்க, பதினோரு ஜிபி! இடம் வேணாமா? எல்லாப் படத்தையும் ஒரே அமுக்குல ஐம்பதுக்குள்ள கொண்டாந்துட்டேன். ஒரு படம்கூட அழிக்கல. எண்ணிப் பாரு.”

“முப்பது எம்பியில ஒரு கேமரா ஃபைல் இருந்துச்சே? அதான் அசல். அது எங்கே?”

“அது படமே இல்ல மா. டபுள் கிளிக் பண்ணினா திறக்கவே மாட்டேன்னுச்சு. வைரஸ்னு தூக்கிட்டேன்.”

“ரீசைக்கிள் பின்லயாவது இருக்கா?”

“வைரஸை யாராச்சும் வீட்டுக் குப்பைக்கூடையில வெச்சிருப்பாங்களா? அடியோட டெலீட்.” சொல்லும்போதே மகளின் முகம் போகிற போக்கு அவருக்குப் பட்டிருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தார். “கைக்கு மா, ஏன் கேக்கறே? முக்கியமானதா?”

எமி கேமரா கார்டைக் கேட்டு பாலாவுக்கு ஃபோன் போட்டாள். அவன் மதுரையில் சித்தி பெண் கல்யாணத்தில் இருந்தான். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினான்: “அந்த கார்டா? அதை அப்பவே ஃபார்மேட் பண்ணியாச்சு எமி. நிச்சயதார்த்தம், நலுங்கு எல்லாம் அதுலதான் ஏறியிருக்கு. உன்கிட்ட காப்பி இருக்குன்னியே?”

இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“இது ஒரு விஷயமா? நகரு,” என்றார் தேவசகாயம். அவளை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். படத்தின் அளவைக் காட்டும் பெட்டியைத் திறந்தார். எழுபத்திரண்டு என்று இருந்த இடத்தில் முந்நூறு என்று அடித்தார். அகலம் இருபத்துநாலு அங்குலம் என்று போட்டார். கம்ப்யூட்டர் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

“பாரு! நாப்பத்தொம்பது கேபி இப்ப தொண்ணூத்தொம்பது எம்பி. அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி. அவங்க கேட்டது இதானே? ஹவ்வா, ஆமாவா இல்லையா?”

“ஊதினா பலூன்தான் டாடி பெருசாகும். ரப்பர் அதிகமாகாது.”

“நம்பர் வந்துடுச்சே மா!”

“நம்பரை நீங்க அடிச்சீங்க, வந்துச்சு. மூவாயிரம்னு அடிச்சாலும் வரும்.” அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. “இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் முன்ன ஆறாயிரம் புள்ளி இருந்துச்சு. நீங்க அதை அறுநூத்தி நாப்பது ஆக்கிட்டீங்க. அதை இருபத்துநாலு அங்குலத்துல பரப்பினா அங்குலத்துக்கு இருபத்தேழுகூட தேறாது. மிச்சத்தையெல்லாம் பக்கத்துப் புள்ளியைப் பார்த்து இதுவா ஊகிச்சு நிரப்புது. சௌம்யா நெத்தியில இருந்த கோடு இதுக்கு எப்படித் தெரியும்? இது அவளைப் பார்த்ததே இல்லையே!”

தேவசகாயம் நெற்றியைப் பெரிதாக்கினார். மெழுகு பூசியதுபோல வழுவழுவென்று இருந்தது. கோட்டைக் காணோம்.

“சரி, முகத்தை விடு. கலரைச் சரி பண்ணிடுவோம்.” மெனுவில் தேடி, எட்டு பிட் என்றிருந்ததைப் பதினாறு பிட் ஆக்கினார். ஃபைல் இருநூறு எம்பியை எட்டியது. வானத்தின் படிக்கட்டு ஒன்றுகூடக் குறையவில்லை. இருட்டாக இருந்த உச்சியைக் கொஞ்சம் வெளுக்கலாம் என்று எமி கையை நீட்டி மவுசை இழுத்தாள். படிகள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன. நிறங்களின் பரவலைக் காட்டும் சின்ன வரைபடத்தைத் திறந்துவைத்தாள். மலைபோல இருக்க வேண்டியது பல் உதிர்ந்த சீப்பாக இருந்தது.

“நடுவுல எல்லாம் காலி பாருங்க. ஒவ்வொரு நிறத்துக்கும் இருநூத்தி ஐம்பத்தாறு படிதான் இதுல. வானம் அதுல கொஞ்சத்தைத்தான் தொடும். இல்லாத படியை இப்ப எங்கேருந்து கொண்டுவர்றது?”

தேவசகாயத்தின் கை மவுசின் மேலேயே நின்றுவிட்டது.

“அந்த கேமரா ஃபைல் எத்தனை பிட்டு?”

“பதினாலு.”

அவர் உதடுகள் அசைந்தன. “பதினாறாயிரத்து முந்நூத்தி எண்பத்துநாலு படி,” என்றார், தனக்குள்ளேயே.

ஆலையில் அவருடைய வேலையே அதுதான். ஒரு மின்னழுத்தத்தை எத்தனை படிகளாக நறுக்கி எண்ணாக்குகிறது என்று ஒவ்வொரு சர்க்யூட் கார்டாகச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது. எட்டு பிட் கார்டில் அளந்ததைப் பதினாலு பிட் கட்டத்தில் எழுதிவிட்டு, துல்லியம் கூடிவிட்டது என்று பெருமைப்பட்ட ஒருவனோடு அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார். அளக்கும்போது விட்டது விட்டதுதான், பிற்பாடு எண்ணுக்குப் பின்னால் சைபர் சேர்த்தால் வராது என்று அவனுக்குச் சொன்னவர் அவர்.

“நான் அந்தப் பய பண்ணின வேலையத்தான் பண்ணியிருக்கேன்,” என்றார்.

மூன்று மணியிலிருந்து எமி வேண்டியதெல்லாம் இதுதான். அவருக்கு இது புரிய வேண்டும். இப்போது புரிந்துவிட்டது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. புரியாதவரிடம் கத்தவாவது முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று.

அவரே தலையை நிமிர்த்தினார். “எமி, டெலீட் பண்ணினது உடனே அழியாது. அது மேல வேற எதையும் எழுதுற வரைக்கும் டிஸ்க்லயேதான் கிடக்கும். தேடி எடுக்க சாஃப்ட்வேர் இருக்கு.”

அதைப் பென்டிரைவில் இறக்கி ஓடவிட்டார்கள். பச்சைப் பட்டை எறும்புபோல ஊர்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் நடுவில் இரண்டு தரம், “வந்துடும் மா,” என்றார்.

ஐந்து மணிக்கு அது வந்தது. பெயர் போய் வெறும் எண் மட்டும் இருந்தது. ஆனால் முப்பது எம்பி. எமி திறந்தாள்.

மேலே வானம். அதே வானம். மையிலிருந்து ஊதாவுக்கு வழிந்து, ஆரஞ்சின் முதல் சாயலைத் தொடும் வரை ஒரு படி இல்லை. அவள் இழுத்த இழுப்புக்கெல்லாம் பட்டுபோல் வளைந்துகொடுத்தது. அதற்குக் கீழே, படத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு, பச்சையும் சாம்பலுமாக வெறும் இரைச்சல் கோடுகள். அந்த இடத்தின் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. சௌம்யாவும் மற்றப் பெண்களும் நின்ற இடத்தில் அறுப்பின் பண்டிகைப் பாடகர் குழு ஏறி உட்கார்ந்துவிட்டது.



எமி வானத்தை மட்டும் வெட்டினாள். ஆறாயிரம் புள்ளி அகலம், ஆயிரத்து நானூறு புள்ளி உயரம். இருபத்துநாலு அங்குல அகலத்துக்கு ஆறு அங்குலம்கூட உயரமில்லாத ஒரு நாடா. நடந்ததை எழுதி, அதன் சின்ன நகலை நஸ்ரினுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் குரல் செய்தி வந்தது.

“எமி, எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா! உண்மையைச் சொன்னா, ஆளுங்க இல்லாம இன்னும் நல்லா இருக்கு. ஒரு அமைதி. கவலைய விடுங்க, இதையே மாட்டிடலாம். ஆறு மணிக்குள்ள பெருசை அனுப்பிடுங்க.”

“ஸ்தோத்திரம்!” என்றார் தேவசகாயம், இரு கைகளையும் தூக்கி. “பாத்தியா, பொழைச்சோம்!”

எமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘ஆளுங்க இல்லாம இன்னும் நல்லா’ இருக்காம். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

சௌம்யா தெலுங்குக்காரி. மூன்று வருடம் எமியோடு ஒரே மேசையில் மாத்திரை அட்டை சரிபார்த்ததில் தமிழும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஃபோனை எடுத்ததுமே ஆரம்பித்தாள். “அரே, அனுப்பிட்டியா? அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க அத்தம்மா, நாத்தனார், அவ புள்ளைங்க எல்லாம் வர்றாங்க. தெரிஞ்ச ஆட்டோக்காரர்கிட்ட சொல்லியாச்சு. ‘உன் மூஞ்சியை எவன் மாட்டுவான்’னு கேட்டாங்க இல்ல, வந்து பாக்கட்டும்!”

எமி சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்ப நான் இல்லையா?”

“இல்ல.”

“மத்தவங்க?”

“யாருமே இல்ல. வானம் மட்டும்தான்.”

“போச்சு போ. ஜெனரல் ஷிப்ட் மொத்தமும் லீவு போட்டுடுச்சுன்னு நினைப்பாங்க.” சௌம்யா தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “பரவால்ல எமி. நீ அனுப்பு. உன் பேராச்சும் இருக்கும்ல. வீட்ல நான் என்னமோ சொல்லிக்கிறேன்.”

எமி உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஆறடிக்கப் பன்னிரண்டு நிமிடம். ஃபைலை இணைத்தாள். படத்தின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. முன்பே தீர்மானித்து வைத்திருந்ததுபோல ‘ஜெனரல் ஷிப்ட்’ என்று அடித்தாள். பெயரைப் பார்த்தாள், வெறும் வானத்தைப் பார்த்தாள், அழித்தாள். ‘மழைக்குப் பின்’ என்று அடித்தாள். அது யாருடைய படத்துக்கும் பொருந்தும். அதையும் அழித்தாள்.

பிறகு ஃபைலை நீக்கிவிட்டு நஸ்ரினுக்கு எழுதினாள்: ‘நான் எடுத்த படம் போய்விட்டது. மிச்சம் இருப்பது அது இல்லை. இதை மாட்ட வேண்டாம். நான் விலகிக்கொள்கிறேன்.’ இன்னொரு தரம் படித்தால் மனம் மாறிவிடும் என்று படிக்காமலே அனுப்பினாள்.

“நக்கோ மா, வேணாம், என்ன பண்றே?” தேவசகாயம் பதறி எழுந்தார். “அவங்களே நல்லா இருக்குன்னு சொல்றாங்களே!”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன? கொஞ்சமாவது மிஞ்சினதை மாட்டட்டுமே!”

“அந்த நெத்தி மிஞ்சியிருந்தா, அது மட்டும் இருந்தாக்கூட மாட்டியிருப்பேன் டாடி.”

“நான் நேர்ல போய்ப் பேசறேன். என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். ஒரு வாரம் டயம் கேப்போம்.”

“வாரம் குடுப்பாங்க. படத்தை யார் குடுப்பா?”

சட்டையை மாட்டப் போனவர் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்றார்.

ஃபோன் ‘டிங்’ என்றது. நஸ்ரினின் பதில். ஒரே ஒரு கட்டைவிரல், மஞ்சள் நிறத்தில்.

“என்ன சொல்றாங்க?”

“சரியாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அதற்கு மேலும் ஏதாவது வரக்கூடும் என்பதுபோல அவர் குனிந்து அவள் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். எமி ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டோ வேண்டாம் என்று சௌம்யாவுக்குச் சொல்ல வேண்டும்.